முருங்கையில் நூலாம்படை

சென்ற செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்க நூலகத்தில் புத்தகம் மாற்றிக் கொண்டு படியிறங்கும்போது, ஜனக்புரியிலிருந்து வரும் அம்மையார் ஒருவர் என்னை நிறுத்தித் தமது செல்போனை நீட்டினார். "சார், நீங்க ரயில்வேல மரக்கட்டையோட புழங்கினவர்தானே? இதைக் கொஞ்சம் பாருங்க." படத்தில் ஒரு முருங்கை மரம். அடிமரம் இரண்டாகப் பிரியும் கவட்டிலிருந்து, ஈர மரத்தூளைச் சிலந்தி வலையில் குழைத்துப் பூசியதுபோலச் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று நெளிந்து நெளிந்து கீழே இறங்கியிருந்தது.

அந்த மரம் கும்பகோணத்திலிருந்து அவருடைய மாமியார் ஈரச்சாக்கில் சுற்றி ஜி.டி. எக்ஸ்பிரஸில் கொண்டுவந்த போத்து. இருபது வருஷமாகக் காய்க்கிறது. தோட்டக்கார மாலி பார்த்துவிட்டு "தீமக்" என்று சொல்லிவிட்டாராம். கரையான் மருந்தை வேரில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மரத்தையே எடுத்துவிட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. கிளை முறிந்து கார்மேல் விழும் என்று பக்கத்து வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள்.

"அம்மா, எதையும் ஊற்றாதீர்கள், வெட்டவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். அப்படி உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அது என் மடத்தனத்தின் கதைதான். சொல்லிவிடுகிறேன்.

1994-ல் தில்லியின் வடக்கே ஒரு ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். பின்புறம் ஒரு கொய்யா மரம், எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் வைத்தது. என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதன்மேல்தான் இருப்பாள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அதில் இதேபோல நூலாம்படை. நானும் கரையான் என்றுதான் நினைத்தேன். மருந்து வாங்கி வந்து வேரைச் சுற்றி வாய்க்கால் வெட்டி ஊற்றினேன். அடுத்த வருஷமும் ஊற்றினேன். மரம் ஒவ்வொரு கிளையாகக் காய்ந்தது. கடைசியில் வெட்டிக் கட்டையைப் பிளந்து பார்த்தபோது, கரையான் ஒன்றுகூட இல்லை. கவட்டிலிருந்து ஒரு சாண் ஆழத்துக்கு வழவழப்பான ஒரு குழி. அதற்குள் அழுக்குப் பழுப்பாக ஒரு கம்பளிப்புழு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

இத்தனைக்கும் என் தொழிலே மரத்தைத் தட்டிப் பார்ப்பது. திருச்சியில் டிப்ளமா முடித்து 1981-ல் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்தவன். அப்போதே கான்கிரீட் ஸ்லீப்பர்கள் வர ஆரம்பித்திருந்தாலும், இரும்புப் பாலங்களின் மேல் மரக்கட்டைகள்தாம். சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை "ணங்" என்னும். உள்ளே கெட்டது "பொத்" என்னும். கட்டையின் சத்தத்தை வைத்து அதன் வயிற்றில் என்ன நோய் என்று கீமேனிடம் சொல்லத் தெரிந்த எனக்கு, வீட்டுக் கொய்யாவின்மேல் பகிரங்கமாக எழுதி ஒட்டியிருந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

பின்னாளில் எங்கள் அடுக்ககத்துக்கு ஓய்வுபெற்ற பூச்சியியல் விஞ்ஞானி ஒருவர் குடிவந்தார். பீகார்க்காரர். காலை நடையில் அவரோடு சேர்ந்து கொண்டதில்தான் எனக்கு இந்த விஷயங்கள் பிடிபட்டன. அவர் சொன்ன முதல் பாடம்: பூச்சியைத் தேடாதே, அது விட்டுப்போன குப்பையைப் பார். இதை நான் உடனே ஒப்புக்கொண்டேன். தண்டவாளத்தில் விரிசலைத் தேடுகிறவனும் முதலில் துருக்கோட்டைத்தான் பார்ப்பான்.

நம் தமிழிலேயே இந்தப் பாகுபாடு இருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. செல்லரித்தது என்கிறோம், உளுத்துப் போயிற்று என்கிறோம், துளைத்துவிட்டது என்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. செல்லரிப்பது கரையான். உளுக்கச் செய்வது காய்ந்த மரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு வண்டு. உயிருள்ள மரத்தைத் துளைப்பது பெரும்பாலும் பெரிய வண்டுகளின் புழுவோ, அந்துப்பூச்சியின் புழுவோ. ஊரில் பாட்டிமார்கள் சரியாகத்தான் பேசினார்கள். தில்லிக்கு வந்து எல்லாவற்றையும் "தீமக்" ஆக்கிக் கொண்டது நாம்தான்.

கரையான் என்றால் மண் இருக்கும். மரத்தின்மேல் அது கட்டுகிற மூடுபாதை ஈரமண்ணால் ஆனது. நகத்தால் சுரண்டினால் மண்ணாக உதிரும், உள்ளே வெள்ளைக் கரையான்கள் ஓடும். நன்றாக இருக்கிற மரத்தில் அது பெரும்பாலும் செத்துப்போன மேல்பட்டையைத்தான் தின்னும். அதற்குப் பயந்து பச்சை மரத்துக்கு விஷம் ஊற்றுவது வீண்.

ஜனக்புரி மரத்தில் நான் பார்த்தது மண் அல்ல. தொட்டால் கம்பளித்துணிபோல மெத்தென்று இருக்கும். ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நாடாவாக உரிந்து வரும். புழு தன் வாயிலிருந்து விடும் பட்டுநூலில், கடித்த பட்டைத் துணுக்குகளையும் தன் புழுக்கைகளையும் கோத்து நெய்த கூரை அது. கரையானுக்கு நூல் விடத் தெரியாது, வண்டுப் புழுவுக்கும் தெரியாது. ஆகவே மரத்தில் நூலும் புழுக்கையும் சேர்ந்திருந்தால் அது அந்துப்பூச்சியின் பிள்ளை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்தப் பூச்சிக்குத் தமிழில் பட்டை தின்னும் புழு என்று பெயர். சாஸ்திரப் பெயர் இண்டர்பெலா. இதில் குவாட்ரினோடேட்டா, டெட்ரானிஸ் என்ற இரண்டு வகைகள் நமக்குத் தொல்லை தருபவை. கொய்யா, நாவல், மா, நெல்லி, இலந்தை, எலுமிச்சை, முருங்கை எதையும் விடாது. தில்லிச் சாலைகளின் குல்மோஹரிலும் சரக்கொன்றையிலும் இதைப் பார்க்கலாம். நம் ஊர்ச் சவுக்குத் தோப்புகளிலும் இருக்கிறது.

இதன் பழக்கம் விசித்திரமானது. துளை போடுகிறதே தவிர, மரத்தை அது தின்பதில்லை. துளை அதற்கு வீடு, அவ்வளவுதான். பகல் முழுக்க அதற்குள் ஒளிந்திருக்கும். இருட்டியதும் வெளியே வந்து, தான் நெய்த கூரைக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பட்டையைத் தின்னும். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய் அந்த நாடாவை மெல்லத் தூக்கினால் திருடனைக் கையும் களவுமாகப் பார்க்கலாம். இலைகள் சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான். அந்தப் பாதையைப் புழு அறுத்துவிடுகிறது. ஒரு புழு ஒரு கிளையை வாட்டும். ஏழெட்டுப் புழு சேர்ந்தால் மரமே காய்ப்பை நிறுத்திக் காய ஆரம்பிக்கும். என் கொய்யாவுக்கு நேர்ந்தது இதுதான். நானோ வேரில் மருந்து ஊற்றிக் கொண்டிருந்தேன்!

வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். கோடை வெயிலில், ஏறக்குறைய மே முதல் ஜூலை வரை, தாய்ப்பூச்சி வெளிவந்து பட்டை இடுக்குகளில் பதினைந்து இருபத்தைந்து முட்டைகளாக இடும். எட்டுப் பத்து நாளில் பொரியும். புழுவாக இருப்பது ஒன்பது முதல் பதினோரு மாதம். பிறகு அந்தத் துளையிலேயே கூட்டுப்புழுவாகி மூன்று நான்கு வாரம் உறங்கும். வெளியே வரும் பூச்சி வெளிர் பழுப்பில் கோடும் புள்ளியுமாகப் பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படுவது அபூர்வம். அதற்கு ஆயுள் சில நாட்களே. சாப்பிடுவதற்கான வாய்கூடச் சரியாகக் கிடையாது. சாப்பாடெல்லாம் புழுப் பருவத்திலேயே முடிந்துவிட்டது.

பூச்சி பறந்துபோன பிறகும் ஓர் அடையாளம் விட்டுப்போகும். துளை வாயில் பழுப்பான காலிக்கூடு ஒன்று பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்துப்பூச்சிக்கு மரத்தைக் கடிக்கும் தாடை இல்லை. அதனால் கூட்டுப்புழுவே நெளிந்து வாசல்வரை வந்து, அங்கே தோலை உரித்துவிட்டுப் பூச்சியாக வெளியேறுகிறது. வண்டு அப்படியல்ல, தானே கடித்துக்கொண்டு வரும், சுத்தமான துளையை மட்டும் விட்டுப்போகும்.

புழு கையில் அகப்பட்டுவிட்டால் காலைப் பாருங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்கு முன்பக்கம் மூன்று ஜோடி உண்மைக் கால்கள், நடுவிலும் பின்னாலும் சதைப்பற்றான பொய்க்கால்கள். நீள்கொம்பு வண்டின் புழு வெள்ளையாக, முன்பக்கம் பருத்து, கால் இல்லாததுபோலவே இருக்கும். மா மரத்தைத் துளைக்கும் பெரிய வண்டு ஒன்று முருங்கைக்கும் வரும். அதன் துளையிலிருந்து கரடுமுரடான மரச்சீவலும் சாறும் கசியும், நூலாம்படை இருக்காது.

நாம் தினம் இரண்டு வேளை குடிக்கிற காப்பியிலும் இதே கதைதான். காப்பிச் செடியின் தண்டை ஒரு வண்டும் துளைக்கும், ஓர் அந்துப்பூச்சியும் துளைக்கும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பது வண்டு. அதன் புழு தின்றதைத் தனக்குப் பின்னால் துளையிலேயே கெட்டியாக அடைத்துக்கொண்டு போகும். வெளியே ஒரு தூளும் விழாது, தண்டின்மேல் வரிவரியாகப் புடைப்பு தெரிவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செந்துளைப்பான் என்பது அந்துப்பூச்சி, ஜூஸெரா காஃபியே. செக்கச்செவேல் என்று இருக்கும் அதன் புழு குப்பையை வீட்டில் வைத்துக்கொள்ளாது; உருண்டை உருண்டையாகப் புழுக்கையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், செடியின் அடியில் குவிந்து கிடக்கும். தாய்ப்பூச்சியோ வெள்ளைச் சிறகில் கருநீலப் பொட்டு வைத்து அவ்வளவு அழகு. துவாதசிக்கு வேண்டுமென்று நம்மவர் சிலர் தில்லிக் குளிரோடு மல்லுக்கட்டி வளர்க்கிற அகத்தியின் தண்டைத் துளைப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புழுதான்.

ஊரிலிருந்து பழைய தேக்கு ஊஞ்சல் பலகையோ அலமாரியோ கொண்டுவந்து வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: பலகையில் விரல் நுழைகிற அளவு துளை இருக்கிறதே, பூச்சி பரவுமா? பரவாது. பர்மா தேக்கில் பீஹோல் என்று வியாபாரிகள் சொல்லும் துளை உண்டு. பெயரில் தேனீ இருந்தாலும் துளைப்பது சைலூட்டஸ் செராமிகஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு. மரம் காட்டில் உயிரோடு நின்றபோது போட்ட துளை அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய ஆய்வுப்பெட்டி ஒன்றின் தேக்குப் பலகையில் அப்படி ஒரு துளையைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். மெழுகும் தூளும் வைத்து அடைத்து மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். அந்தப் புழுவால் காய்ந்த மரத்தில் வாழ முடியாது. ஆனால் குண்டூசித் தலையளவு துளைகளும், அடியில் கோதுமை மாவுபோல நைசான தூளும் காலையில் பெருக்கப் பெருக்க மறுநாளும் விழுந்தால், அது உளுக்கும் வண்டு. அதை உடனே கவனிக்க வேண்டும். பெரிய துளையைக் கண்டு பயந்து, சிறிய துளையை அலட்சியம் செய்வதுதான் நம் வீடுகளில் நடக்கிறது.

இந்தப் பூச்சிகளைப் பற்றி எழுதியவர்களும் சுவாரசியமானவர்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர், அந்துப்பூச்சிமேல் பைத்தியமாகி, லண்டன் திரும்பியபின் இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதினார். நூற்றாண்டு தாண்டியும் அவற்றைப் புரட்டுகிறார்கள். இன்னொருவர் ஹாலந்தில் ஹேக் நகரத்து வக்கீல், பியர் லியோனே. வில்லோ மரத்தைத் துளைக்கும் ஒரே ஒரு வகைப் புழுவை அறுத்துப் பார்த்து, படங்களையும் தாமே செதுக்கி, 1760-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அந்தப் புழுவின் உடம்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தசைகளை எண்ணியிருக்கிறார்! வக்கீல் தொழிலுக்கு நடுவே அவருக்கு எப்படி நேரம் கிடைத்தது என்று என் மனைவி கேட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகும் வீட்டு வேலைக்கு நேரமில்லை என்று சொல்வது அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சரி, ஜனக்புரிக்கு வருகிறேன்.

சொன்னபடி அடுத்த ஞாயிறு போனேன். ஒரு பழைய சைக்கிள் போக்கு, பஞ்சு, கொஞ்சம் பெட்ரோல், தேய்ந்த பெயிண்ட் பிரஷ், இவ்வளவுதான் சாமான். மாலியும் நின்று வேடிக்கை பார்த்தார். நூலாம்படையைப் பிரஷால் முழுக்கத் தேய்த்து எடுத்தோம். இதைச் செய்யாமல் எந்த மருந்து அடித்தாலும் கூரைமேல்தான் விழும், புழுமேல் விழாது. சுத்தம் செய்ததும் கவட்டில் துளை தெரிந்தது. மொத்தம் மூன்று. போக்கு நுனியை லேசாக வளைத்து உள்ளேவிட்டுக் குத்தி இழுத்ததில் இரண்டு துளையில் புழு வந்துவிட்டது. ஒன்றரை அங்குலம் இருக்கும். மாலியிடம் காட்டி, கால்களை எண்ணச் சொன்னேன். எண்ணினார். "யே தீமக் நஹீ ஹை, சாப்" என்று அவரே சொன்னார். மூன்றாவது துளையில் எட்டவில்லை. பெட்ரோலில் லேசாக நனைத்த பஞ்சுத் துண்டைத் திணித்துக் களிமண்ணால் அடைத்தோம். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்னெல்லாம் மண்ணெண்ணெய்தான் பயன்படுத்துவார்கள். தில்லியில் ரேஷன் மண்ணெண்ணெய் நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன.

பழைய தோட்டக்கலைப் புத்தகங்களில் இந்தத் துளைக்கு மோனோகுரோட்டோபாஸ் போன்ற கடும் விஷங்களை ஊற்றச் சொல்லியிருக்கும். தயவுசெய்து வேண்டாம். முருங்கையில் இலையையும் பூவையும் காயையும் தின்கிறோம். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனதற்கு, சமையல் எண்ணெயில் கலந்திருந்த இந்த விஷம்தான் காரணம். ஒரு சைக்கிள் போக்கு செய்கிற வேலைக்கு அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கலாமா?

மரத்தை வெட்டிவிடலாம் என்று சொல்பவர்களுக்கும் ஒன்று தெரிய வேண்டும். 1994-ம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த வீட்டு மரமானாலும் மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டக் கூடாது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமும், ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே சட்டத்தின் கண்ணில் அது மரம். இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சம்மதித்தார். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன்: மரத்தின் கழுத்துவரை சிமெண்ட் பூசியிருந்தார்கள். கவனிப்பில்லாத, நெருக்கடியில் தவிக்கிற மரத்துக்குத்தான் இந்தப் புழு அதிகம் வரும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. மாலி கடப்பாரை கொண்டுவந்தார்.

பார்க்க வேண்டிய காலம் இரண்டு. மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரில் புழு சின்னது, நூலாம்படை விரல் அகலம்தான் இருக்கும். அப்போது பிடிப்பது சுலபம். தப்பியவற்றைப் பிப்ரவரி, மார்ச்சில் மறுபடி தேட வேண்டும். ஏப்ரல் தாண்டினால் கூட்டுப்புழு, பிறகு பூச்சி, பிறகு அடுத்த வீட்டு மரம். கவட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏணி வைத்துப் பாருங்கள். முருங்கையில் மட்டும் ஏறாதீர்கள், அந்தக் கிளையை நம்பக் கூடாது.

பிப்ரவரியில் அந்த அம்மையார் தொலைபேசியில் கூப்பிட்டார். அடைத்த மூன்று துளையும் அடைத்தபடியே இருக்கின்றனவாம். ஆனால் ஏணிக்கு எட்டாத உயரத்தில் புதிதாக ஒரு நூலாம்படை தெரிகிறதாம். இரண்டு நாளாக மரங்கொத்தி ஒன்று அந்த இடத்தையே கொத்திக் கொண்டிருக்கிறதாம். "ஏணியை நீளமா வாங்கட்டுமா சார், இல்லை அதுகிட்டயே விட்டுடலாமா?" என்றார். ஒரு வாரம் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.